குழந்தைகளோடு எடின்பரோ: ஏறுவதற்குப் பேருந்து, இறங்குவதற்குக் கால்

ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ உண்மையில் சின்ன ஊர். மேலே கோட்டை, கீழே அரண்மனை, இரண்டுக்கும் இடையில் இரண்டு கிலோமீட்டர்கூட வராது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா, எல்லாத்தையும் நடந்தே பார்த்துடலாம்" என்று கிளம்புகிற குடும்பங்கள்தான் மத்தியானம் இரண்டு மணிக்கு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். பிரச்சினை தூரத்தில் இல்லை, உயரத்தில். கைபேசி வரைபடத்தில் ஜார்ஜ் தி ஃபோர்த் பிரிட்ஜும் கவ்கேட் தெருவும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற மாதிரிதான் தெரியும். நேரில் போனால் ஒன்று பாலம், மற்றொன்று அதற்கு அடியில் பள்ளத்தில் ஓடுகிற தெரு. மேலே இருந்து எட்டிப் பார்க்கலாமே தவிர அங்கேயே திரும்பிப் போக முடியாது. படிக்கட்டு தேட வேண்டும், கையில் தள்ளுவண்டி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் நான் சொல்கிற திட்டமெல்லாம் இரண்டு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது. ஏற்றத்தைப் பேருந்தில் ஏறுங்கள், இறக்கத்தை நடந்து இறங்குங்கள். அப்புறம், ஒரு நாளைக்குக் காசு கொடுத்துப் பார்க்கிற இடம் ஒன்றே ஒன்று போதும், மீதி நேரம் இலவச இடங்கள். இந்த ஊரில் இலவசமாகக் கிடைப்பதுதான் பெரும்பாலும் நல்லதாகவும் இருக்கிறது.

1. எப்போது போவது

மே, ஜூன், இல்லையென்றால் செப்டம்பர் முதல் பாதி. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அது வரமும் சாபமும். சாப்பிட்ட பிறகும் ஒரு பூங்காவுக்குப் போய் வரலாம், ஆனால் "இன்னும் ராத்திரியே ஆகலையே" என்று தூங்க மறுக்கிற பிள்ளையைச் சமாளிக்க வேண்டும். டிசம்பரில் தலைகீழ். மத்தியானம் மூன்றே முக்காலுக்கெல்லாம் சூரியன் போய்விடும், விளக்கு அலங்காரமும் கிறிஸ்துமஸ் சந்தையும் அழகுதான், ஆனால் பகல் என்று உங்கள் கையில் இருப்பது ஏழு மணி நேரம்.

ஆகஸ்ட் தனிக் கதை. 1947இல் தொடங்கிய சர்வதேசக் கலை விழாவும் ஃப்ரிஞ்ச் என்கிற கலை விழாவும் அந்த மாதம் முழுக்க ஊரையே எடுத்துக்கொள்ளும். கோட்டையிலிருந்து அரண்மனைக்கு இறங்குகிற ராயல் மைல் தெருவில் நெருப்பை வாயில் விடுகிறவர், ஒற்றைச் சக்கரத்தில் ஏறிக் கத்தி வீசுகிறவர் என்று காசில்லாத வேடிக்கை நிறைய, குழந்தைகளுக்கான நாடகங்களும் ஏராளம். ஆனால் அறை வாடகை வழக்கமானதைவிடப் பல மடங்கு ஏறும், நான்கு வயதுப் பிள்ளையின் கண் மட்டத்தில் இருந்து பார்த்தால் ராயல் மைல் என்பது வெறும் இடுப்புகளும் பைகளும்தான். முதல்முறை போகிறவர்களுக்கு ஆகஸ்ட் வேண்டாம் என்பேன். விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் அது வேறு.

செலவுக் கணக்கில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2026 ஜூலை 24 முதல் தங்கும் செலவின் மேல் 5 சதவீதம் பயணிகள் வரி உண்டு, தொடர்ந்து தங்கினால் முதல் ஐந்து இரவுகளுக்கு மட்டும்.

2. வந்து சேர்வதும் தங்குவதும்

லண்டனிலிருந்து வருகிறவர்கள் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் சுமார் நாலரை மணி நேரம். வடக்கே போகும்போது வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நியூகாசில் தாண்டினால் கடல் அந்தப் பக்கம்தான் வரும், பெரிக் பாலத்துக்கு அப்புறம் தண்டவாளம் பாறை விளிம்பிலேயே போகிற மாதிரி இருக்கும், அதுவரை டேப்லெட்டில் மூழ்கியிருந்த பிள்ளைகூட தலையைத் தூக்கும்.

ரயில் வந்து நிற்கிற வேவர்லி நிலையம் இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. வெளியே வந்ததும் கண்ணில் படுகிற முதல் படிக்கட்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பிக்காதீர்கள். பிரின்சஸ் தெரு பக்கம் நகரும் படிக்கட்டு இருக்கிறது, மின்தூக்கியும் உண்டு, பேருந்தும் டிராமும் அந்தப் பக்கம்தான்.

விமானத்தில் வந்தால் டிராம் நல்லது. ஊர் மையத்துக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், பெட்டி வைக்க இடம், தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். டிக்கெட்டை மேடையிலேயே எடுத்துவிடுங்கள், ஏறின பிறகு வாங்கினால் கட்டணம் கூசாமல் அதிகம் வாங்குவார்கள். விமான நிலைய நிறுத்தத்துக்கு மட்டும் தனிக் கட்டணம், அதற்கு அடுத்த இங்லிஸ்டன் நிறுத்தத்திலிருந்து சாதாரண ஊர்க் கட்டணம்தான். ஆனால் பெட்டிகளோடும் பிள்ளைகளோடும் அதுவரை நடந்து காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

தங்குமிடம் என்று வரும்போது பழைய நகரத்துக்குள்ளேயே, கோட்டை தெரிகிற ஜன்னலோடு ஒரு வீடு கிடைத்தால் யாருக்கும் ஆசை வரும். பதிவு செய்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா? பழைய கல் கட்டடங்களில் நாலாவது மாடிக்கு வளைந்து வளைந்து போகிற, தேய்ந்து நடுவில் குழி விழுந்த கல்படிகள்தான் இருக்கும். தூங்கிவிட்ட பிள்ளை ஒரு தோளில், மடித்த வண்டி ஒரு கையில் என்று தினம் இரண்டு தடவை அதை ஏறுவதை யோசித்துப் பாருங்கள். நான் ஹேமார்க்கெட் பக்கமோ லீத் வாக் பக்கமோதான் பார்க்கச் சொல்வேன். இரண்டும் டிராம் பாதையில் இருக்கின்றன, வாடகையும் பெரும்பாலும் குறைவு, சமையலறையோடு வீடு கிடைத்தால் ராத்திரி ரசம் சாதத்துக்கு வழி பிறக்கும்.

உள்ளூரில் சுற்ற அரக்குச் சிவப்பும் வெள்ளையுமான லோதியன் பேருந்துகள் போதும். ஐந்து வயதுக்குள் இலவசம். கார்டைத் தட்டினால் பெரியவர் கட்டணம்தான் பிடிக்கும் என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஆப்பில் டிக்கெட் எடுங்கள் அல்லது சரியான சில்லறை வைத்திருங்கள், ஓட்டுநர் மீதி தர மாட்டார். நாலு பேராகப் போனால் குடும்ப நாள் டிக்கெட் லாபம். 22 வயதுக்குள் பேருந்து இலவசம் என்று எங்காவது படித்திருப்பீர்கள், அது ஸ்காட்லாந்தில் குடியிருந்து அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

3. முதல் நாள்: கோட்டையிலிருந்து கீழ்நோக்கி

பிரின்சஸ் தெரு பக்கத்திலிருந்து 23 அல்லது 27ஆம் எண் பேருந்து மவுண்ட் ஏற்றத்தில் ஏறி உங்களை ராயல் மைலின் மேல்பகுதிக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கோட்டை வாசல் கொஞ்ச தூரம். டிக்கெட்டை இணையத்தில் முன்னமே எடுத்து, காலை 9.30 நேரத்தையே பிடியுங்கள், வாசலில் வாங்குவதைவிட விலையும் குறைவு. பதினொரு மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் வந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் முதல் பீரங்கி வரிசையிலேயே படம் எடுக்க நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காதீர்கள், நேரே உச்சிக்குப் போங்கள், அங்குதான் ஸ்காட்லாந்தின் மணிமுடி, செங்கோல், வாள் மூன்றும் இருக்கின்றன, பின்னால் அங்கே வரிசை நீளும். வரிசையில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்: 1650களில் இங்கிலாந்திலிருந்து கிராம்வெல்லின் படை வந்தபோது இந்த மூன்றையும் முற்றுகையில் இருந்த டனாட்டர் கோட்டையிலிருந்து கடத்திக்கொண்டு போய், கினெஃப் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தின் தரைக்கு அடியில் புதைத்து வைத்தார்கள். அப்புறம் 1707இல் இங்கிலாந்தோடு இணைந்தபின் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, அறையையும் அடைத்து, நாளடைவில் அது அங்கே இருக்கிறதா என்றே ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 1818இல் எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று திறக்க வைத்தபோது உள்ளே அப்படியே இருந்தது. பெட்டியும் அங்கேயே காட்சிக்கு இருக்கிறது, பிள்ளைகள் முடியைவிட அந்தப் பெட்டியைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். மன்னர்கள் முடிசூடப் பயன்பட்ட விதிக்கல்லும் பல வருடங்கள் இங்கேதான் இருந்தது, 2024இல் பெர்த் நகர அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பழைய வழிகாட்டிகளை நம்பித் தேடாதீர்கள்.

அங்கிருந்து இறங்குகிற வழியில் 12ஆம் நூற்றாண்டின் புனித மார்கரெட் சிற்றாலயம், ஊரிலேயே பழைய கட்டடம். ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம், உள்ளே இருபது பேர் நின்றாலே நெருக்கடி. அதன் வாசலில் மான்ஸ் மெக் என்கிற பெரிய பீரங்கி, 1457இல் பரிசாக வந்தது, 6 டன் எடை, அந்தக் காலத்தில் 150 கிலோ கல்குண்டை வீசியது. பக்கத்துச் சுவரிலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் சின்னப் புல்வெளியில் குட்டிக் குட்டிக் கல்லறைகள், படைவீரர்கள் வளர்த்த நாய்களுக்கானவை. போர்க் கைதிகளை அடைத்து வைத்த நிலவறைகளில் ஊஞ்சல் படுக்கைகளைத் தொங்கவிட்டு அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே வைத்திருக்கிறார்கள், அதையும் விடாதீர்கள். போர் அருங்காட்சியகத்தை விட்டாலும் பரவாயில்லை, சீருடைகளில் தனி ஆர்வம் இருந்தால் ஒழிய.

மத்தியானம் சரியாக ஒரு மணிக்குப் பீரங்கி வெடிக்கும், ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர. 1861 முதல் இந்த வழக்கம். பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்குள் அதிரும், கைக்குழந்தை இருந்தால் காதைப் பொத்துங்கள். பன்னிரண்டு மணிக்கு வெடித்தால் பன்னிரண்டு குண்டு செலவு, ஒரு மணி என்றால் ஒன்றோடு போயிற்று, அதுதான் ஸ்காட்லாந்துச் சிக்கனம் என்று உள்ளூர்க்காரர்களே கிண்டலடிப்பார்கள். கோட்டைக்குள் காசு கொடுத்துப் போக மனசில்லாதவர்கள் கீழே பிரின்சஸ் தெருப் பூங்காவில் நின்றே கேட்கலாம், அங்கே விளையாட்டுத் திடலும் இருக்கிறது, 1903இல் வைத்த பூக்கடிகாரமும் இருக்கிறது.

கோட்டை வாசலுக்கு வெளியே கேமரா அப்ஸ்கியூரா. இது கோட்டைக்கு மாற்று, இரண்டையும் ஒரே நாளில் போட்டால் பணமும் போகும், பிள்ளைகளின் பொறுமையும் போகும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்றால் கோட்டையைவிட இதையே தேர்ந்தெடுப்பேன். கீழ் மாடிகளில் கண்ணாடி வழிக்குழப்பம், சுழல் குகை என்று கண்ணை ஏமாற்றுகிற வேடிக்கைகள். உச்சியில் இருட்டு அறை ஒன்று, நடுவில் வெள்ளை வட்ட மேசை. கூரைமேல் உள்ள கண்ணாடியும் வில்லைகளும் வெளியே நடக்கிற ஊரை அப்படியே அந்த மேசையில் கொண்டுவந்து போடும். தெருவில் யாரோ நடந்து போவார், வழிகாட்டி ஒரு வெள்ளைத் தாளை அவர் காலடியில் வைத்து மெல்லத் தூக்குவார், ஆள் தாளோடு மேலே வருவார். பிள்ளைகளிடமும் தாளைக் கொடுப்பார்கள். வெளிச்சம் இருந்தால்தான் படம் தெளியும், அதனால் மழை இருட்டிய நாளில் இங்கே வராதீர்கள்.

இந்தக் கோபுரத்துக்கு நம் ஊரோடும் ஒரு தொடர்பு உண்டு. 1892இல் இதை வாங்கி நகர ஆய்வுக் கூடமாக மாற்றியவர் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ். 1914இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்த அவர் அனுப்பிய வரைபடங்களும் படங்களும் கிளான் கிராண்ட் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அதே ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், சில வாரத்தில் அந்தக் கப்பலையும் கடலில் மூழ்கடித்துவிட்டது. மனுஷன் அசரவில்லை. நண்பர்கள் திரும்பத் திரட்டி அனுப்பியதை வைத்துச் சென்னையில் கண்காட்சியை நடத்தி, மதுரை உட்பட மெட்ராஸ் மாகாண ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கையும் எழுதினார்.

சரி, இனி இறக்கம். ராயல் மைல் மீன்முள் மாதிரி: நடுவே தெரு, இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிற சந்துகள். நேரே நடந்தால் கம்பளித் துணிக் கடையும் பொம்மைக் கடையுமாகவே தெரியும், ஊர் இருப்பது சந்துகளில். பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், "உனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு" என்று ஆளுக்கொரு சந்தைத் தேர்ந்தெடுக்கட்டும். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும், முழுக்க இறங்கினால் முழுக்க ஏற வேண்டும். அட்வகேட்ஸ் குளோஸின் தலைப்பில் நின்றால் சந்தின் இடுக்கில் ஸ்காட் நினைவுச் சின்னம் தெரியும்.

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் திசில் சிற்றாலயத்துக்குள் போய், பேக்பைப் வாசிக்கிற தேவதையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், மரத்தில் செதுக்கியது, கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடம் நீங்கள் உட்காரலாம். நுழைவு இலவசம், விருப்பப்பட்டதைப் போடலாம். வெளியே தரையில் கற்களால் பதித்த இதய வடிவம் ஒன்று உண்டு, பழைய சிறை இருந்த இடம். ஊர்க்காரர்கள் அதன்மேல் துப்பிவிட்டுப் போவார்கள், அது வழக்கம். இங்கே துப்பினால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று தெரிந்ததும் உங்கள் பிள்ளை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அதை மிதிக்காமல் நடங்கள்.

எதிரே மேரி கிங்ஸ் குளோஸ், தெருவுக்கு அடியில் புதைந்துபோன பழைய சந்துகளை வழிகாட்டியோடு பார்ப்பது. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களை விடுவதில்லை. இருட்டு, பிளேக் நோய்க் கதை, ஒரு மணி நேரம், எட்டு வயதுக்கு மேல் என்றால் அருமை. சின்னவர்களோடு இருப்பவர் அந்த நேரத்தில் கொஞ்சம் கீழே இருக்கிற குழந்தைப் பருவ அருங்காட்சியகத்துக்குப் போகலாம், இலவசம். 1955இல் தொடங்கியது, குழந்தைப் பருவத்துக்கென்றே அமைந்த உலகின் முதல் அருங்காட்சியகம். பழைய ரயில் பொம்மைகள், பொம்மை வீடுகள், கண்ணாடிக்குள் நிறைய, தொட்டு விளையாடக் கொஞ்சம். உள்ளபடிக்கு அங்கே அதிகம் ரசிப்பது அம்மா அப்பாக்கள்தான்.

இன்னும் கீழே, சாலையில் பித்தளைக் கட்டிகள் பதித்திருக்கும் இடத்தில் நில்லுங்கள். பழைய நகர வாசல் அங்கேதான் இருந்தது, அதை ஒட்டிய சந்தின் பெயரே வேர்ல்ட்ஸ் எண்ட். வாசலுக்கு வெளியே போய்த் திரும்ப வரக் காசு கட்ட முடியாத ஏழைகளுக்கு உலகம் அதோடு முடிந்தது என்று சொல்வார்கள். அதைத் தாண்டினால் கூட்டம் குறையும். டன்பார்ஸ் குளோஸ் என்ற சந்துக்குள் நுழைந்தால் 17ஆம் நூற்றாண்டு பாணியில் வெட்டி வளர்த்த செடிகளோடு ஒரு தோட்டம், உட்கார பெஞ்சு, யாரும் விரட்ட மாட்டார்கள். கொண்டுவந்த சாண்ட்விச்சை அங்கே பிரியுங்கள்.

அடிவாரத்தில் நாடாளுமன்றமும் ஹோலிரூட் அரண்மனையும். அரண்மனை உள்ளே சிறுவர்களுக்குச் சுமார்தான், ஸ்காட்லாந்து ராணி மேரியின் கதை தெரிந்த பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கால் ஓய்ந்திருந்தால் எதிர்ப் புல்வெளியில் ஓடவிட்டுவிட்டு 35ஆம் எண் பேருந்தில் திரும்ப மேலே ஏறிவிடுங்கள்.

4. மழை நாளுக்கு: தேசிய அருங்காட்சியகம்

மழை வரும். வராவிட்டாலும் இங்கே ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள், இந்த ஊரில் குடும்பத்தோடு போக ஒரே ஒரு இடம் சொல்லு என்றால் இதைத்தான் சொல்வேன். சேம்பர்ஸ் தெருவில், இலவசம், தள்ளுவண்டிக்கு எல்லா மாடிக்கும் மின்தூக்கி.

டாலி ஆட்டிலிருந்து ஆரம்பியுங்கள். வளர்ந்த பாலூட்டியின் உடல் உயிரணுவிலிருந்து (செல்) நகலெடுத்து உருவாக்கிய முதல் உயிர், 1996இல் எடின்பரோவுக்குப் பக்கத்திலேயே ரோஸ்லின் ஆய்வகத்தில் பிறந்து, 2003இல் இறந்து, இப்போது பதப்படுத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்தத் தெருவிலும் பார்க்கிற ஒரு சாதாரண ஆடு மாதிரிதான் இருக்கும், "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். அப்பா இல்லாமல், மூன்று அம்மாக்களோடு பிறந்த ஆடு என்று சொல்லிப் பாருங்கள்: ஒன்று உயிரணு கொடுத்தது, ஒன்று கருமுட்டை கொடுத்தது, ஒன்று வயிற்றில் சுமந்தது. அப்புறம் கேள்விகள் நிற்காது.

லூயிஸ் சதுரங்கக் காய்கள் அடுத்தது. 1831இல் லூயிஸ் தீவில் கிடைத்தவை, வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை, மொத்தம் 93இல் 11 இங்கே இருக்கின்றன, மற்றவற்றில் பெரும்பாலானவை லண்டனில். ராணி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள், என்ன கவலையோ. விலங்குகள் பகுதியில் டைனோசர் எலும்புக்கூடும், கூரையிலிருந்து தொங்குகிற சுறாவும் திமிங்கிலங்களும். அறிவியல் பகுதியில் கையால் தொட்டு இயக்கிப் பார்க்க ஏகப்பட்டது இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளை அங்கே விட்டால் திரும்பக் கூப்பிடுவதுதான் கஷ்டம். மிகச் சின்னவர்களுக்கு இமாஜின் என்று தனிக் கூடம். பத்து மீட்டர் உயர மில்லினியம் கடிகாரம் குறிப்பிட்ட மணிகளில் இசையோடு அசையும், நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மழை விட்டால் ஏழாவது மாடி மொட்டை மாடிக்கு மின்தூக்கியில் போய்விடுங்கள், கோட்டை நேர் எதிரே, ஒரு பைசா செலவில்லை.

வெளியே வந்தால் எதிர் முனையில் கிரேஃப்ரையர்ஸ் பாபி என்கிற நாயின் சிலை. எசமானர் ஜான் கிரே 1858இல் இறந்தபின் அவர் கல்லறையைவிட்டு நகராமல் 1872இல் தான் சாகும்வரை 14 வருடம் காத்திருந்ததாகக் கதை. எவ்வளவு உண்மை என்று ஆய்வாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளைகளிடம் அதைச் சொல்லித் தொலைக்காதீர்கள். சிலையின் மூக்கைத் தேய்த்தால் அதிர்ஷ்டம் என்று பயணிகள் கிளப்பிவிட்டது, ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காது, மூக்கு தேய்ந்து மின்னுவதைப் பார்த்தாலே தெரியும். தொட வேண்டாம், பதிலாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் பாபியின் கல்லுக்கு முன்னால் பிள்ளைகள் குச்சிகளை வைத்துவிட்டுப் போகிறார்கள், நாய் எடுத்து விளையாட. அதே தோட்டத்தில் சில கல்லறைகள்மேல் இரும்புக் கூண்டு போட்டிருக்கும். மருத்துவக் கல்லூரிக்கு விற்கப் பிணம் திருடுகிறவர்களைத் தடுக்கப் போட்டது. வயதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

5. மலை ஏறுவது

ஆர்தர்ஸ் சீட் 251 மீட்டர், அணைந்துபோன எரிமலை. படத்தில் பார்த்ததும் ஏறத் தோன்றும். ஏழெட்டு வயதுக்கு மேல், நல்ல காலணி, காற்றுத் தடுக்கும் மேல்சட்டை இருந்தால் போங்கள். ஹோலிரூட் பக்கமிருந்து ஏறுவதைவிட டன்சாப்பி குளத்துப் பக்கமிருந்து ஏறுவது சுலபம், பாதி உயரம் சாலையிலேயே போய்விடும். கடைசிப் பாறைகள் லட்சக்கணக்கான கால் பட்டு வழவழவென்று ஆகியிருக்கின்றன, ஈரமாக இருந்தால் உச்சிக்குப் பத்தடி கீழேயே நின்றுவிடுங்கள், காட்சி ஒன்றும் குறையாது. சின்னப் பிள்ளைகளோடு இருப்பவர்கள் அடியில் செயின்ட் மார்கரெட் குளத்தின் அன்னங்களோடு திருப்திப்படலாம்.

என் தேர்வு கால்டன் குன்று. பிரின்சஸ் தெருவின் கிழக்கு முனையிலிருந்து பத்து நிமிட ஏற்றம், 103 மீட்டர்தான், ஆனால் கோட்டை, மலை, கடல் மூன்றும் ஒரே சுற்றில் தெரியும். மேலே பன்னிரண்டு தூண்களோடு கிரேக்கக் கோயில் மாதிரி ஒன்று நிற்கும், நெப்போலியன் போர்களில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம். 1826இல் தொடங்கி 1829இல் பணம் தீர்ந்து அப்படியே நின்றுவிட்டது, எடின்பரோவின் அவமானம் என்று அதற்குப் பட்டப்பெயர். பக்கத்தில் நெல்சன் கோபுரம், அதன் உச்சியில் ஒரு பந்து, ஒரு மணிக்குக் கீழே விழும். அந்தக் காலத்தில் லீத் துறைமுகத்துக் கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன. பனிமூட்டத்தில் பந்து தெரியாதே என்றுதான் பின்னால் கோட்டைப் பீரங்கியே வந்தது.

6. மிருகக்காட்சி சாலையா, கப்பலா

இரண்டுக்கும் காசு, அதனால் வெவ்வேறு நாளில் ஒன்றொன்று, அல்லது ஒன்று மட்டும்.

மிருகக்காட்சி சாலை கார்ஸ்டார்ஃபின் குன்றின் சரிவில் இருக்கிறது. 26 அல்லது 31ஆம் எண் பேருந்து. உள்ளே எல்லாமே ஏற்றம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பைகளைக் குறையுங்கள். பாண்டாக்கள் 2023 டிசம்பரில் சீனா திரும்பிவிட்டன. இங்கே நட்சத்திரம் எப்போதும் பென்குயின்கள்தான். 1951இல் பராமரிப்பாளர் கதவை மூட மறந்ததில் வெளியே வந்து அவர் பின்னாலேயே நடந்தவை, அதுவே பென்குயின் அணிவகுப்பாகிவிட்டது. இஷ்டப்பட்டவை மட்டும் வரும், சில நாள் ஒன்றுகூட வராது. நார்வே அரச காவல் படையில் பதவி வகிக்கிற சர் நில்ஸ் ஓலாவ் என்ற பென்குயின் இங்கேதான் இருக்கிறார், 2023இல் மேஜர் ஜெனரலாகப் பதவி உயர்வு. விளையாட்டு இல்லை, நிஜமாகவே படை வந்து அணிவகுப்பு மரியாதை கொடுத்துவிட்டுப் போனது.

பிரிட்டானியா கப்பல் லீத்தில், டிராமில் ஓஷன் டெர்மினல் நிறுத்தம். 1954 முதல் 1997 வரை அரச குடும்பம் பயணம் செய்த கப்பல். ஊரிலேயே பெரியவர்களுக்கும் தள்ளுவண்டிக்கும் மிக வசதியான இடம் இதுதான், மின்தூக்கி எல்லாத் தளத்துக்கும் போகும். ஊரிலிருந்து வந்திருக்கிற தாத்தா பாட்டியை அழைத்துப்போக முதல் தேர்வாக வையுங்கள். ராணியின் படுக்கையறை எவ்வளவு சாதாரணம் என்று எல்லா அம்மாக்களும் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் நகர்வார்கள். பிள்ளைகள் ஒளித்து வைத்த கோர்கி நாய்ப் பொம்மைகளைத் தேடுவார்கள், இயந்திர அறையின் பளபளப்பைப் பார்த்து அப்பாக்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

இரண்டும் வேண்டாம் என்றால் தாவரவியல் தோட்டம், 1670இல் தொடங்கியது, தோட்டம் இலவசம், நாய்களுக்கு அனுமதி இல்லாததால் தவழ்கிற குழந்தையைப் புல்லில் தைரியமாக விடலாம்.

7. சாப்பாடு

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். சைவ ஹாகிஸ் பெரும்பாலான உணவகங்களில் உண்டு, பருப்பும் ஓட்ஸும் மிளகும் போட்டது, மசித்த உருளைக்கிழங்கோடும் டர்னிப்போடும் தருவார்கள், நம் நாக்குக்கு ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்கிற அசல் ஹாகிஸைவிட இதுவே சட்டென்று பிடிக்கும். பிள்ளைகளுக்கு மக்ரோனி சீஸ் எங்கும் கிடைக்கும். சிப்ஸ் கடையில் எண்ணெயில் பொரிக்கிறார்களா மாட்டுக் கொழுப்பிலா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். "சால்ட் அண்ட் சாஸ்?" என்று கேட்பார்கள், இந்த ஊருக்கே உரிய நீர்த்த பழுப்பு சாஸ் அது, முதல்முறை ஓரமாக ஊற்றச் சொல்லுங்கள். டேப்லெட் என்கிற இனிப்பு சர்க்கரையும் வெண்ணெயும் சுண்டிய பாலும், ஒரு சின்னத் துண்டு நாலு பேருக்குப் போதும். நிக்கல்சன் தெருவும் அதன் தெற்குப் பக்கமும் மாணவர் பகுதி, இந்திய, ஹலால் கடைகள் மலிவாக இருக்கும். பப்களில் பிள்ளைகளோடு மாலைக்கு மேல் விடாத இடங்கள் உண்டு, உட்காருமுன் கேளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஆறரைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

8. கடல்

மிருகக்காட்சி சாலைக்குப் போன அதே 26ஆம் எண் எதிர்த் திசையில் போர்ட்டோபெல்லோ கடற்கரைக்குப் போகிறது. மாடிப் பேருந்து, மேலே முன் இருக்கை கிடைத்தால் அதுவே பாதி வேடிக்கை. நல்ல மணல், நீளமான நடைபாதை, ஐஸ்கிரீம். தண்ணீர் ஜூலையிலும் எலும்பைக் குத்தும், ஆனாலும் பிள்ளைகள் இறங்குவார்கள், ஒரு மாற்றுத் துணி பையில் இருக்கட்டும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் 41ஆம் எண் பேருந்தில் கிராமண்ட். கடல் உள்வாங்கும்போது மட்டும் ஒரு பாதை வெளிப்படும், அதில் நடந்து எதிரே உள்ள தீவுக்குப் போகலாம். பாதை ஓரம் வரிசையாக நிற்கிற கான்கிரீட் பற்கள் இரண்டாம் உலகப் போரில் எதிரிப் படகுகளைத் தடுக்க நட்டவை. தீவில் இடிந்த காவல் கட்டடங்களைத் தவிர ஒன்றுமில்லை, கடை, கழிப்பறை எதுவும் கிடையாது, கரையிலேயே எல்லாம் முடித்துக்கொண்டு போங்கள். பாதுகாப்பான நேரம் கரையில் பலகையில் எழுதியிருக்கும், தினமும் மாறும். தீவில் மாட்டிக்கொண்டு மீட்புப் படகை அழைக்கிற ஆட்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கைபேசியில் அலாரம் வையுங்கள், அதில் போட்டிருக்கிற கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் தீவிலிருந்து திரும்ப நடக்க ஆரம்பித்துவிடுங்கள், சின்னக் கால்களுக்கு அந்தப் பாதை ஒன்றரை கிலோமீட்டர், நடுவில் சிப்பி பொறுக்க நிற்பார்கள்.